விளக்கு சொன்ன பொய்

பூசாரி உரைப்பதைச் சான்றின்றி ஏற்பது மடமை என்கிறோம். அறிவியலாளர் உரைப்பதை மட்டும் சான்று கேளாமல் ஏற்கலாமா? ஏற்கலாகாது. ஐயம் எழுப்பியும் ஆய்ந்து பார்த்தும் வளர்ந்ததுதான் அறிவியல். ‘பாதுகாப்பானது’ என்ற சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும், ‘எதனால்?’ என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்தக் கேள்வியை மக்கள் சார்பில் கேட்பதற்கென்றே ஏற்பட்டது அணுவுலைக்கு உரிமம் வழங்கும் முறை.

அந்த முறை எங்கே சறுக்கியது என்பதைக் காட்டும் ஏடு ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுவுலை விபத்தை ஆராய்ந்து, 1979 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டரிடம் பன்னிருவர் குழு அளித்த அறிக்கை அது. குழுவின் தலைவர் ஜான் கெமனி, கணித அறிஞர். பேசிக் என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஏடு பழையது; அது எழுப்பும் கேள்வி பழையதன்று. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுவுலைகள் நிற்கும் கரையில் வாழும் நாம், அதனை அயல்நாட்டுக் கதையென ஒதுக்கிவிட முடியாது.

நடந்தது என்ன? 1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த அந்நிலையத்தின் இரண்டாம் உலை, வணிக முறையில் இயங்கத் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்தது. நீர் செலுத்தும் எக்கிகள் நின்றன. அழுத்தம் ஏறியது. அதைத் தணிப்பதற்கான வால்வு திறந்தது. உலையும் தானே நின்றது. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தன. அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய வால்வு மட்டும் மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையிலோ, அந்த வால்வுக்குரிய விளக்கு அணைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று பொருள் கொண்டனர் அங்கிருந்தோர். உண்மையில் அந்த விளக்கு வால்வைப் பார்க்கவே இல்லை! ‘மூடு’ என்று கட்டளை போனதா என்பதை மட்டுமே அது அறியும்; கட்டளை நிறைவேறியதா என்பதை அறியாது. உலைக்குள் நீர் எவ்வளவு உள்ளது என்று நேராகக் காட்டும் கருவியும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒரே வேளையில் அறையைக் கலக்கின. நீர் மிகுந்துவிட்டது என்று தவறாகக் கணித்து, தானே பாய்ந்த அவசரகால நீரையும் குறைத்துவிட்டனர். வால்வின் பின்னிருந்த தடுப்பு வால்வை மூடியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. உலைக்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஓராண்டுக்கு முன்பு இதே உலையில் இதே வால்வு திறந்து நின்றது. அதற்குப் பரிகாரமாகப் பொருத்தப்பட்டதுதான் அந்த விளக்கு! நோய்க்கு மருந்தென்று தாயத்துக் கட்டிய கதை இது. தாயத்து நோயைத் தீர்ப்பதில்லை; தீர்ந்தது என்ற எண்ணத்தை மட்டும் தருகிறது.

இத்தகைய விளக்கு உரிமம் வழங்குவோர் கண்ணில் படாமல் போனது எப்படி? அறிக்கையின் சிறந்த பகுதி இங்கேதான் இருக்கிறது. அணுவுலையின் கருவிகளையும் உறுப்புகளையும் ‘பாதுகாப்பு சார்ந்தவை’, ‘சாராதவை’ என இரண்டாகப் பிரித்திருந்தனர். முதல் வகைக்குக் கடுமையான ஆய்வு, சோதனை, மாற்று ஏற்பாடு எல்லாம் உண்டு. இரண்டாம் வகைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அழுத்தம் தணிக்கும் வால்வு பாதுகாப்பு சார்ந்ததன்று. ஏனெனில் அதன் பின்னால் தடுப்பு வால்வு இருக்கிறது. தடுப்பு வால்வும் பாதுகாப்பு சார்ந்ததன்று. ஏனெனில் அதன் முன்னால் அழுத்தம் தணிக்கும் வால்வு இருக்கிறது! இவன் காவல் இருக்கிறான் என்று அவனும், அவன் காவல் இருக்கிறான் என்று இவனும் உறங்கினால், ஊரைக் காப்பவர் யார்? வால்வுக்கே அந்தத் தகுதி இல்லாதபோது, அதன் விளக்கை ஆராய எவர் வருவார்?

பிறப்பை வைத்து மனிதரைப் பிரித்த வருணமுறையை எதிர்ப்பவர்கள் நாம். ஒட்டிய பெயரை வைத்துக் கருவியைப் பிரித்து, அது ஆற்றும் பணியைப் பாராதிருந்த இந்த முறையில் அதே நோயின் சாயலைக் காண்கிறோம். ஏட்டில் தாழ்ந்த இடத்தில் வைக்கப்பட்ட ஒரு சிறு விளக்கின் சொல்லைத்தான், ஆபத்து வேளையில் அனைவரும் நம்பினர்.

இத்தனையும் துணிந்து சொன்ன அறிக்கையைப் பாராட்டுகிறோம். ஆயினும் ஓரிடத்தில் மாறுபடுகிறோம். பொறிகள் போதிய அளவு நன்றாகவே இருந்தன, அடிப்படைக் குறை மனிதரைச் சார்ந்தது என்பது அறிக்கையின் முடிவு. மனிதர் என்னும்போது அறையில் இருந்தவர்களை மட்டும் அது குறிக்கவில்லை. உருவாக்கியோர், நடத்தியோர், மேற்பார்த்தோர் அனைவரையும் சேர்த்தே குறிக்கிறது. அது நேர்மை. ஆனால் பொய் சொல்லும் விளக்கு நல்ல பொறியாகுமா? பார்ப்பவனை ஏமாற்றும் கருவியைக் கருவியின் குறை என்பதா, மனிதனின் குறை என்பதா? கருவியும் அதைப் படிக்கும் கண்ணும் சேர்ந்தே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அவ்விரண்டையும் பிரித்துப் பேசியதால், தான் கண்டித்த பிரிவினையின் நிழலிலேயே அறிக்கையும் ஒதுங்கிவிட்டது என்போம்.

விபத்துக்குப் பின், வால்வின் உண்மை நிலையையே காட்டும் அறிகுறி வேண்டும் என்று அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணையம் வலியுறுத்தியது. 1993இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்ட 61226 என்னும் தரநூல், பாதுகாப்புக்கு ஒரு பணி எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கொண்டு வகைப்படுத்த வழி காட்டியது. ஆனால் சொற்குழப்பம் நீடிக்கிறது. ‘பாதுகாப்பு சார்ந்தது’ என்றால் அமெரிக்காவில் தலையாய வகை; பன்னாட்டு அணுசக்தி முகமையின் வழக்கிலோ, பாதுகாப்புக்கு முக்கியமாயினும் பாதுகாப்பு அமைப்பில் சேராதது. ஆகவே பெயரைக் கேட்டு அமைதி கொள்ளாமல், பணியைக் கேட்டு ஆராய வேண்டும்.

ஆராய்ந்தால் பயன் உண்டா? உண்டு. கணிப்பொறிகள் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்துவிட்ட காலத்தில், 2009 நவம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், பின்லாந்து நாடுகளின் ஒழுங்காற்று அமைப்புகள் இ.பி.ஆர். என்னும் புதிய உலை குறித்துக் கூட்டாக ஐயம் எழுப்பின. அன்றாடம் உலையை நடத்தும் கட்டுப்பாட்டு அமைப்பு கெட்டால், உலையைக் காக்கும் அமைப்பும் சேர்ந்து கெடாது என்பதற்குப் போதிய உறுதி இல்லை என்றன. வடிவமைத்தவர்கள் திருத்த வேண்டியதாயிற்று. பிரிட்டனுக்கான வடிவில், கணிப்பொறியையே சாராத மாற்றுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. இது அறிவியலுக்கு எதிரான செயலன்று, அறிவியலின் செயல்.

தோழர்களே! அணுவுலை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் நம்மிடையே உண்டு. இரு சாராரும் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியது இது: கட்டளை போனது என்பதற்குச் சான்று காட்டுகிறீர்; வேலை முடிந்தது என்பதற்குச் சான்று எங்கே? இந்தக் கேள்விக்கு ஏட்டிலும் ஆய்விலும் விடை காட்டிய பிறகு கிடைப்பதே உரிமம். விடையின்றிக் கிடைப்பது வெறும் அருள்வாக்கு.