நாடாவில் நின்ற ஓர் இரவு

கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிநாடாவில் பிடிப்பதைப் பல வருஷங்களாகச் சகித்துக்கொண்டதோடு நில்லாமல், 1984-இல் அவர்களுக்கென்று அரங்கிலேயே தனி இடமும் ஒதுக்கிக் கொடுத்தது. நெடிய கம்பங்களின் உச்சியில் மைக்குகளைக் கட்டிப் பதிவு செய்ததை, லாபம் கருதாமல், காலி நாடாவும் தபால் செலவும் அனுப்பியவர்க்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்த அந்த ரசிகர்களின் சிரத்தையை என்னவென்று சொல்வது! 90 நிமிஷக் காசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷந்தான். பாட்டு உச்சத்தில் இருக்கும்போதே நாடா தீர்ந்துபோவதும் உண்டு. பிரதிக்குப் பிரதி ஏறிவரும் மெல்லிய இரைச்சலோ, அது எத்தனை கைகள் மாறி வந்தது என்பதற்குச் சாட்சி. அதை நான் குறையாக எண்ணியதேயில்லை.

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை, குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த பதிவில் கேட்டால், ‘ஸ்கார்லெட் பெகோனியாஸ்’ எங்கே முடிந்தது, ‘ஃபயர் ஆன் த மவுன்டன்’ எங்கே தொடங்கிற்று என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிட்டார் அடியில் நிதானமாக நடந்துகொண்டிருக்க, ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் அதன்மேல் அவசரமின்றி வளைந்து வளைந்து செல்கிறது. கைக்குக் கை மாறிய அந்தப் பதிவு 2017-இல் முறைப்படி வெளியாகிவிட்டது. ஓர் இரவை அதற்கென்று ஒதுக்கி, ஆதியோடந்தமாகக் கேளுங்கள்.