மொட்டைக் கடிதமும் முகமறியா எழுத்தும்

குறுந்தொகைப் புலவருள் ஒருவரைச் செம்புலப் பெயல்நீரார் என்கிறோம். அவர்தம் இயற்பெயரை எவரும் அறியார். பாடலில் அமைந்த உவமையே பெயராயிற்று. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். எனவே பெயரை மறைத்து எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று, இழிவும் அன்று. மொட்டைக் கடிதமும் நம்முடையதே என்பதை உடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2024 ஜூலையில், டிக்டாக்கில் பலரும் அறிந்த மலேசியத் தமிழ்ப்பெண் ஒருவர், தம்மை வசைபாடி மிரட்டியோர்மீது காவல்துறையில் புகார் செய்த மறுநாள் உயிர்நீத்தார். வசைபாடியோருள் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த தண்டம் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தில் அதற்குமேல் இடமில்லை! மக்கள் கொதித்தனர். தண்டனைச் சட்டத் தொகுப்பில் புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்தன. துன்புறுத்தல் ஒருவரின் தற்கொலைக்குக் காரணமாயின், பத்தாண்டு வரை சிறை. இதனை வரவேற்காதார் இரார்.

என் ஐயம் வேறிடத்தில் உள்ளது. 2012இல் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு, இணைய இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரே அவ்வழி வெளிவந்ததை எழுதியவர் என அனுமானிக்கிறது. அல்லர் என மெய்ப்பிப்பது அவர் கடன். உலு யாம் வட்டார வீடுகளில் இணைப்பு தந்தை பெயரில் இருக்கும். பயன்படுத்துவோர் மகன், மருமகள், சில வேளை அண்டை வீட்டுப் பையன். எழுதப் படிக்கத் தடுமாறும் முன்னாள் பால்மரத் தொழிலாளி, தாம் எழுதவில்லை என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பார்? வசைபாடத் துணிந்தவனோ, பிறர் பெயரில் ஒளியவும் அறிந்தவன்.

புகாரும் முகாந்தரமும் கண்டு, நீதிபதியின் ஆணை பெற்றே முகத்திரையை விலக்கவேண்டும் என்பேன். ஆனால் அவ்வாணை நாள்கணக்கில் தாமதமாகலாகாது. புகாருக்கும் சாவுக்கும் இடையில் ஒரு நாளே இருந்தது.

தலைமையாசிரியனாக இருமுறை மொட்டைக் கடிதம் பெற்றேன். ஒன்று ஓர் ஆசிரியையின் ஒழுக்கத்தைப் பழித்தது. எழுதியவரைக் கண்டறியுமாறு காவல் நிலையம் சென்றேன். மற்றொன்று, ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை அடிப்பதாகக் கூறியது. விசாரித்ததில் உண்மையென அறிந்தேன். இடக்கையால் எழுதி மறைத்திருந்தும், அந்த ழகரத்தின் சுழி எவருடையது என்பதைக் கட்டுரை ஏடுகள் திருத்திய கண் அறிந்துகொண்டது. அம்மாணவியிடம் இன்றுவரை நான் அதைக் கேட்டதில்லை.