சதகம் பாடாத பிள்ளைகள்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலே, ஆகாயகங்கை அருவிக்கு அருகே, அறப்பளீசுரர் கோயில் இருக்கிறது. அந்தக் கடவுளை விளித்து 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் பாடியதே அறப்பளீசுர சதகம். நீதிநூல் என்று போற்றுகின்றனர். நடையழகை நாம் மறுக்கவில்லை, நீதியைத்தான் ஆராய்கிறோம்.

முதற்பாட்டின் பொருளே உயர் பிறப்பு! மனிதராய்ப் பிறத்தல் அரிது, அதிலும் உயர்சாதியிற் பிறத்தல் அரிது என்று படி கட்டுகிறார் புலவர். தொடர்ந்து இல்லாள், மக்கள், உடன்பிறப்பு, ஆசிரியர், மாணாக்கர் எனப் பாடல்கள் அணிவகுக்கின்றன. நன்மகன் யார்? பெற்றோர் சொல்லும் குருவின் சொல்லும் தட்டாதவன். நன்று! அந்த மகன் படிப்பதற்கு வீடு செய்ய வேண்டியது யாது? மக்களைப் பற்றிய அந்தப் பாட்டிலே விடையில்லை.

விடை தேடுவோர் அந்த மலையின் குடிசைக்குச் செல்லட்டும். மலையாளிப் பழங்குடியினர், மரவள்ளியும் மிளகும் காப்பியும் விளையும் மண். எழுத்தறியாத பெற்றோருக்கு, பள்ளி கண்ட முதல் தலைமுறைப் பிள்ளை. பெற்றோர் கூலி தேடி மலையிறங்கினால், தம்பி தங்கையருக்குத் தாயாகிறாள் பதினான்கு வயது அக்காள். உண்டு உறைவிடப் பள்ளி சோறிடும், பாய் விரிக்கும். வீட்டுக் கவலையை அவள் நெஞ்சிலிருந்து இறக்கி வைக்குமா? ஆனால் அதே உறவுதான் கைதூக்கியும் விடுகிறது. "கிழங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பள்ளிக்குப் போ" என்று தாய் ஒருத்தி சொல்லிவிட்டால், அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பிலே நிற்கிறாள்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் துணை வருகிறது. அதன்பின் படிப்பா, கூலியா, திருமணமா என்று தீர்ப்பளிப்பது வீடு. பெண்ணுக்கு 18 வயது நிரம்பாமல் மணம் கூடாதென்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறதே எனலாம். சட்டம் சொல்கிறது, வறுமை கேட்க வேண்டுமே!

1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. நாடு கொதித்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஏட்டிலே ஒழிந்த அந்த அரைநாள், ஏழையின் வீட்டிலே இன்னும் ஒழியவில்லை.

"இவன் வீடே அப்படி, பெற்றோருக்கு அக்கறை கிடையாது" என்று சலித்துக்கொள்ளும் படித்தவரைக் காண்கிறோம். உயர் பிறப்புப் பாட்டின் மறுபதிப்பன்றோ இது? சாதியை எடுத்துவிட்டுக் குடும்பத்தை வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கூலி நாளின் நண்பகலிலே பெற்றோர் கூட்டம் கூட்டிவிட்டு, வராத தாயைப் பழிப்பது எந்த நீதி? பொழுது சாய்ந்தபின், அவள் ஊரிலேயே கூட்டட்டும். அக்கறை யாருக்கு இல்லையென்று பார்ப்போம்.