மாணவர் நாடகத்தை எழுதுவது யார்?

கேரளத்தின் கொல்லங்கோடு, நெம்மாறை, சித்தூர் வட்டாரத்துக்கு நாடகத்தைப் பள்ளிக்கூடம் அறிமுகப்படுத்தவில்லை. பாணர்கள் இரவெல்லாம் ஆடிய பொறாட்டு நாடகம் இங்கே வெகுகாலமாக வேரூன்றிய கலை. வண்ணான், வண்ணாத்தி, குறவன், குறத்தி என்று பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கேள்வி கேட்பவர் ஒருவர் மேடையிலேயே நின்று, யார் நீ, ஏன் வந்தாய் என்று மடக்குவார். பதிலில் கதை வளரும். தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும்.

மாணவர்கள் சேர்ந்து நாடகம் எழுதும் வேலைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைப்பது அரிது. பெரிய அரங்க அமைப்பு வேண்டாம். ஒரு கேள்வி, அதற்கு நேராகப் பதில் சொல்ல மறுக்கும் ஒரு ஆள் போதும், காட்சி பிறந்துவிடும். ஆனால் பள்ளி நாடகங்கள் பெரும்பாலும் இந்த வழியில் பிறப்பதில்லை. முதலில் ஒரு நீதி தீர்மானமாகிறது: மது கேடு, மரம் நடு. பிறகு அந்த நீதியை நான்கு பேருக்குப் பங்கிட்டு வசனமாக்குகிறார்கள். அது மேடையேறிய கட்டுரை, அவ்வளவுதான்.

கேரளத்தில் இந்த வேலைக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு என்றால், 20 தொடர் மதிப்பீட்டுக்கு. குழுவாகச் செய்யும் பணிகள் அதில் அடங்கும். எடுத்துக்காட்டாக, சித்தூர் வட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதைப் பாடமாகப் படிக்கும் மாணவர், நாடகமாக எழுத உட்கார்ந்தால் கடைமடை விவசாயியிடம் போய்ப் பேச வேண்டிவரும். மதகைத் திறக்கும் ஊழியரின் பக்கத்தையும் கேட்க வேண்டிவரும். இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்தால்தான் வசனம் நிற்கும். இந்த முறையின் ஆகப்பெரிய பலம் இதுதான். தான் ஒப்புக்கொள்ளாத ஒருவரின் வாதத்தை முழு வலுவோடு எழுதும் பயிற்சி வேறெந்தப் பாடத்திலும் இவ்வளவு இயல்பாக வாய்ப்பதில்லை.

குறை போட்டியில் தொடங்குகிறது. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலைவிழா ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பரிசும் கிரேஸ் மார்க்கும் சேர்ந்ததும், வெளியிலிருந்து தொழில்முறை இயக்குநரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. பிரதி, ஒளி, இசை எல்லாம் தயாராக வருகின்றன. மாணவருக்கு எஞ்சுவது மனப்பாடம்.

2018இல் கோழிக்கோடு மாவட்டத்தில் முதலிடம் பெற்ற 'கிதாப்' இதன் இரு முகங்களையும் காட்டுகிறது. மேமுண்டா மேல்நிலைப்பள்ளி மாணவர்கள் நடித்த அந்த நாடகத்தை எழுதி இயக்கியவர் ரஃபீக் மங்கலச்சேரி. பாங்கு சொல்ல ஆசைப்படும் ஒரு பெண்ணைப் பற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் பள்ளி அதைத் திரும்பப் பெற்றது. ஆலப்புழையில் நடந்த மாநில விழாவில் அது மேடையேறவில்லை. கேள்வி துணிச்சலானது, நடிப்பும் வென்றது. ஆனால் விவாதம் முழுக்கப் பெரியவர்களுக்கிடையே நடந்தது. மேடையை இழந்தவர்கள் மாணவர்கள்.

பெரியவர் எழுதுவதே தவறு என்பதல்ல. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் மேடையேறி, ஈழத்து அரங்கில் தனி இடம் பெற்றது. அங்கே நடித்தவர்களின் வாழ்வும் பிரதியின் வலியும் ஒன்றாக இருந்தன. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' தமிழ்வழியிலேயே படிக்கக்கூடிய தேர்வுப் பாடம். ஒரு பிள்ளை பல ஆண்டுகள் அரங்கோடு வளர வழி இருக்கிறது. கொல்லங்கோட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை. கேரளக் கலைவிழாவில் சமஸ்கிருத நாடகத்துக்குத் தனிப் போட்டி உண்டு. தமிழுக்குக் கவிதை சொல்லும் போட்டி உண்டு. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசும் பிள்ளை, அந்தக் கலப்பு மொழியை அப்படியே மேடையில் வைக்கத் தயங்குகிறது. பொறாட்டுக் கலைஞர் தயங்கியதில்லை.

மாற்றத்தை மதிப்பீட்டிலிருந்து தொடங்கலாம். இறுதி மேடையேற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், முதல் வரைவு, களத்தில் எடுத்த குறிப்புகள், ஒத்திகையில் வெட்டி எறிந்த காட்சிகள் ஆகியவற்றையும் ஆசிரியர் கேட்டு வாங்க வேண்டும். எழுதும் முன்பே இரண்டு பேரை நிற்க வைத்து, கேள்வியும் மறுப்புமாகப் பேசவிட்டு, காதில் விழுந்ததைக் குறித்துக்கொள்ளும் வேலையைத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே வைத்துவிடலாம். நடிக்க விருப்பமில்லாத பிள்ளைக்கு அந்தக் குறிப்பேட்டைக் கொடுக்கலாம்.