சட்டமூலமும் செய்தியும்: ஒரு நோக்கு

பத்திரிகை சனநாயகத்தின் நான்காவது தூண் என்பது மேடைதோறும் ஒலிக்கும் கூற்று. ஏனைய தூண்களைப்பற்றி அது என்ன கூறுகின்றது, எப்போது கூறுகின்றது என்னும் வினாக்களோ அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இலங்கையைப் பொறுத்தவரை இரண்டாவது வினாவே முதன்மையானது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, சான்றுரை பெற்றுச் சட்டமாகிவிட்ட ஒன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றிலும் வினவ இயலாது. அதனை எதிர்க்க விரும்பும் குடிமகன், அது சட்டமூலமாக ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் வரும் சில நாட்களுக்குள்ளேயே உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். மூல ஏற்பாட்டில் அக்காலம் ஒரு வாரமே. எனவே சட்டமூலம் பற்றிய செய்திக்கும் ஒரு பருவம் உண்டு. பருவந் தப்பிய மழைபோல, வாக்கெடுப்பின்பின் வரும் விளக்கக் கட்டுரை எவருக்கும் பயன்படாது.

நடைமுறை யாது? பாராளுமன்றச் செய்தியில் முன்னிடம் பெறுவன ஏச்சும் வெளிநடப்பும். நீதிமன்றச் செய்தியிலோ முடிவு மட்டும் இடம்பெறும். அம்முடிவுக்கான நியாயங்கள் விடுபட்டுப்போகும். ஒன்று கூத்தாகவும் மற்றது அசரீரியாகவும் வாசகரை அடைகின்றன. இரண்டுக்கும் பொதுவான பொருளாகிய சட்டம் மறைந்துவிடுகின்றது.

2010 செப்டெம்பர் 8 இல் 161 வாக்குகளுக்கு எதிராக 17 என்ற கணக்கில் நிறைவேறிய 18 ஆவது திருத்தம் இவ்விடத்து நோக்கற்பாலது. ஒருவர் இரு தடவைக்குமேல் சனாதிபதியாவதற்கிருந்த தடையை நீக்கிய அத்திருத்தம், அவசர சட்டமூலமாகக் கொணரப்பட்டது. நீதிமன்ற விசாரணை தொடக்கம் வாக்கெடுப்பு ஈறாக யாவும் சில நாட்களுள் முடிந்தன. ஆராய்வதற்கு அவகாசமில்லை என்று பத்திரிகைகள் அன்று கூறியிருப்பின் அது நியாயமே. அவசர சட்டமூல முறை 2015 இல் ஒழிக்கப்பட்டு, 2020 இல் மீண்டு, 2022 இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. அந்நியாயம் இன்று செல்லாது.

அச்சமும் ஒரு காரணமென்பதை மறுத்தல் தகாது. 1978 இல் படக்குறிப்புக்கள் இடம்மாறியமைக்காக ‘ஒப்சேவர்’ ஆசிரியர் இருவருக்குத் தேசிய அரசுப் பேரவை தானே தண்டம் விதித்தது. 1983 இல், பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்திலிருந்த, நீதிபதிகள் இருவர் தொடர்பான பிரேரணையை ‘டெய்லி நியூஸ்’ வெளியிட்டமை நீதிமன்ற அவமதிப்பென உயர் நீதிமன்றம் கண்டது. ஒரு மன்றின் ஆவணத்தை அச்சிடுதல் மற்றைய மன்றிற் குற்றமாயிற்று. அவமதிப்பு பற்றிய தனிச்சட்டம் 2024 இலேயே இயற்றப்பட்டது. இத்தகைய சூழலில் ஆசிரியர்கள் நீதிபதிகளை விமரிசிக்கத் தயங்கியமை வியப்பன்று.

ஆயினும் அச்சம் அனைத்தையும் விளக்கிவிடாது. வர்த்தமானியில் மும்மொழியிலும் வெளியான சட்டமூலத்தின் வாசகங்களை எடுத்துரைப்பதற்கு எவரும் தண்டிக்கப்படுவதில்லை. அதற்கு வேண்டுவது துணிவன்று, உழைப்பே. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருவதால், தமிழ் வாசகன் தன் பத்திரிகையை இன்னும் கூடுதலாக நம்பியிருக்கின்றான். தன் உரிமையைக் குறைக்கும் வாசகமொன்று வர்த்தமானியில் இருந்ததென்பதை, அதை எதிர்க்கும் காலம் கழிந்தபின் அவன் அறிவானாயின், அவன் பெற்றது செய்தியன்று, சரித்திரமே.