கடல் கொண்டதும் கடல் தந்ததும்

கடல்மட்ட மாற்றம் என்றதும் கடல்கோளையே நினைப்பது நம்மவர் வழக்கம். ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி தொல்பொருளாய்வு' (1993) என்னும் நூலைப் பயில்வோர் அவ்வழக்கைக் கைவிடுதல் நன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது, பாக்குநீரிணை தரையாயிருந்தது. அதனை மூடிய பெருக்கு, கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் வனைந்த பூநகரி மக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டு முந்தியது. அவர்களுக்கு வாய்த்தது கடல் விழுங்கிய நிலமன்று. உயர்ந்த கடல் சற்றே தணிந்தபின் அலையும் காற்றும் ஒதுக்கிய மணல்நிலம். மண்ணித்தலை அத்தகைய மணல்முனையே.

மணல்முனையில் பழைய ஓடொன்று கிடைப்பின், அம்மணல் ஓட்டினும் மூத்தது என வாதிடலாம். ஆயின் ஓடு இருந்த இடத்திலேயே கிடந்ததா, பெயர்ந்து வந்ததா? மேற்பரப்பாய்வு இதற்கு விடை தராது, அகழ்வே தரும். நூலின் குறை இதுவெனில், அது ஆசிரியர் குறையன்று. நூல் வெளிவந்த ஆண்டின் நவம்பரிலேயே பூநகரி போர்க்களமாயிற்று. 2009 வரை போர் ஓயவில்லை. பதுங்குகுழிகளும் மண்ணணைகளும் கிளறிய நிலத்தில் அம்மேற்பரப்பை இனி எவரும் முன்போற் காணவியலாது. அகழ்வதற்கு எஞ்சிய இடங்களைக் காட்டும் வழிகாட்டியும் இந்நூலே.