சிலந்தி அரசியின் பள்ளியில் ஒரு மாணவன்

'எல்ஃப்' என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் நம்மிடம் இல்லை. வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் உலவும் மனித உருக்கொண்ட ஓரினம் அது. தேவரும் அல்லர், பேய்களும் அல்லர். இயக்கர் என்றோ கந்தருவர் என்றோ பெயர்த்தால் நம் புராண மணம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே எல்ஃப் என்றே வழங்குவோம். ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையில் இவ்வினத்தாருக்கு அழகையும் நெடிய ஆயுளையும் ஆழ்ந்த துயரையும் அளித்தார். பின்வந்த கற்பனைக் காவிய ஆசிரியர் பலரும் அவரிடமே கடன் பெற்றனர். அக்கடனாளிகளுள் ஒருவர் அமெரிக்கரான ஆர். ஏ. சால்வதோர். அவர் 1990 இல் வெளியிட்ட 'ஹோம்லேண்ட்' என்னும் புதினமே ஈண்டு நம் ஆய்வுக்குரியது. 'தாயகம்' எனப் பொருள்படும் இத்தலைப்பு, ஒருவன் விட்டோடவேண்டிய ஊரைக் குறிப்பது என்பதைக் கதையைப் படிக்கப் படிக்க உணர்கிறோம்.

இந்நூல் பிறந்த இடம் நம் வாசகர் சிலருக்கு இடறலாகலாம். 1974 இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனை விளையாட்டிலிருந்து கிளைத்த கதை இது. 1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவக் குழுக்கள் சில, அவ்விளையாட்டு இளைஞரைப் பேய்வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று முழங்கின. அம்முழக்கம் ஓயுமுன்பே அதே விளையாட்டின் வெளியீட்டாளர் இப்புதினத்தை வெளியிட்டனர். பேய்வழிபாட்டையே ஊர்ச் சட்டமாகக் கொண்ட நகரத்தில் பிறந்து, அதற்குப் பணிய மறுத்த ஓர் இளைஞனின் கதை இது. முழங்கியோரில் எத்தனை பேர் இதைப் புரட்டிப் பார்த்தனரோ!

கதை நிகழுமிடம் மென்சோபெரன்சான் என்னும் நிலவறை நகரம். அங்கு வாழ்வோர் கருநிற எல்ஃப் இனத்தார். ஆட்சி பெண்களுடையது; அவர்களோ லோல்த் என்னும் சிலந்தி அரசியின் பூசாரிகள். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தை இரவோடிரவாக அழித்து அதன் தகுதிநிலையைக் கைப்பற்றலாம். குற்றஞ்சாட்ட அக்குடும்பத்தின் உயர்குடியினர் ஒருவரும் எஞ்சக்கூடாது என்பதொன்றே நிபந்தனை. எஞ்சினால், தாக்கியவர்கள் நீதியின் பெயரால் அழிக்கப்படுவர். கொலை அங்குக் குற்றமன்று. சாட்சியை விட்டுவைப்பதே குற்றம். சால்வதோரின் கற்பனையில் நாம் மிக வியந்த பகுதி இச்சட்டமே. ஒரு சமுதாயம் நீதி என்னும் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அதன் உள்ளீட்டை முற்றும் இழந்துவிடக்கூடும் என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டுவது அரிது.

இத்தகைய படையெடுப்பு ஒன்று நிகழும் இரவிலேயே கதைத்தலைவன் டிரிஸ்ட் பிறக்கிறான். மூன்றாம் மகனாகையால் வழக்கப்படி சிலந்தி அரசிக்குப் பலியாகவேண்டியவன். அதே இரவில் அண்ணன் ஒருவன் மூத்தவனைக் கொன்று அவன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, குழந்தை இரண்டாம் மகனாகிப் பிழைக்கிறது. இரக்கத்தால் காக்கப்பட்ட குழந்தையன்று; ஒரு கொலையின் கணக்கில் மீந்த குழந்தை. பெயர்களின் நெருக்கடியையும் பக்கம் பக்கமாக நீளும் வாட்போர் வருணனைகளையும் பொறுத்துக்கொள்ளும் வாசகருக்கு இத்தகைய நுட்பங்கள் ஆங்காங்கே கிடைக்கின்றன. பொறுமையற்றவர் சண்டைப் பக்கங்களைத் தள்ளிப் படிக்கலாம், இழப்பு பெரிதன்று.

போர்வீரனின் பயிற்சியே கதையின் முதுகெலும்பு. எனினும் முதற்பயிற்சி வாளால் அமைந்ததன்று. தமக்கை வியர்னாவின் பொறுப்பில் வளரும் சிறுவன், குடும்ப ஆலயத்தைத் துலக்கும் ஏவலனாக, கண்களைத் தரையிலேயே பதித்திருக்கக் கற்பிக்கப்படுகிறான். நிமிர்ந்தால் சாட்டை. அவன் கண்களோ அவ்வினத்தில் காணாத ஊதா நிறத்தன. பார்வையைத் தாழ்த்தப் பழக்கிய பின்னரே கையில் படைக்கலம் தருவது அந்நகரின் கல்விமுறை. வரிசை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

இரண்டாம் பயிற்சி, படைக்கல ஆசான் சாக்நஃபெயினிடம். சுருக்கமாகச் சாக் என்பர். அவரே சிறுவனின் தந்தை; அவ்வுண்மை அவனுக்குச் சொல்லப்படவில்லை. மந்திரவாதியாகக் குறிக்கப்பட்டிருந்தவனை, இரு கைகளாலும் நாணயங்களைச் சுண்டிப் பிடிக்கும் ஒரு சோதனையால் வாளுக்கு வென்றெடுக்கிறார் அவர். பின்வரும் சில ஆண்டுகளே நூலின் மகிழ்ச்சியான பக்கங்கள். இரு வளைவாள்களோடு மாணவன் ஆடுகிறான், தோற்கிறான், சிரிக்கிறான். தோற்றவன் கொல்லப்படாத ஓரிடம் அந்நகரிலேயே அப்பயிற்சிக்கூடம் ஒன்றுதான். ஆனால் ஆசான் தம் உள்ளத்திலுள்ளதைச் சொல்வதில்லை. இந்நகரையும் இதன் தெய்வத்தையும் வெறுக்கிறேன் என்று சொன்னால் இருவருக்கும் சாவு. சொல்லாமலே அவனை வளர்த்து, சொல்லாமலே உயர்பள்ளிக்கு அனுப்பிவைக்கிறார்.

மூன்றாம் பயிற்சி அவ்வுயர்பள்ளியில், பத்து ஆண்டுகள். அங்கே ஹாட்ச்நெட் என்னும் ஆசிரியர் வரலாறு கற்பிக்கிறார். மேலுலகில் வாழும் வெண்ணிற எல்ஃபுகள் நம்மை வஞ்சித்து இருளுக்குள் துரத்தியவர்கள், நம் துயர் யாவற்றுக்கும் அவர்களே காரணர் என்பதே பாடம். வாளைவிடக் கூரிய பாடம் இது. ஆண்டிறுதிப் போட்டியில், தோழமை பேசி உடன்வந்தவனே டிரிஸ்டை முதுகில் தாக்குகிறான்; ஆசிரியர்கள் அதைத் தவறென்று கருதவில்லை. இப்பகுதியைப் படிக்கும் இறையியல் மாணவர் புன்னகை செய்யக்கூடும். கல்விக்கூடம் எதுவாயினும், பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடமே மாணவனுள் நெடுநாள் தங்குகிறது என்பது நாமும் அறிந்ததே.

பயிற்சி முடித்துக் காவற்படையில் சேர்ந்த டிரிஸ்ட், மேலுலகத் தாக்குதல் ஒன்றிற்கு அனுப்பப்படுகிறான். இரவில் கானகத் திடலில் ஆடிக்கொண்டிருக்கும் எல்ஃபுகள்மீது படை பாய்கிறது. ஹாட்ச்நெட் வருணித்த கொடியவர் அங்கு ஒருவரும் இல்லை, ஆடிப்பாடுவோரே இருக்கின்றனர். கொலையுண்ட தாயின் உடலுக்கடியில் அவளுடைய சிறுமியை மறைத்து, குருதியைப் பூசி, கொன்றதுபோல் நடிக்கிறான் டிரிஸ்ட். தோழர்கள் அவனைப் பாராட்டுகின்றனர். ஒரு பொய்யால் ஓர் உயிர் காக்கப்படுகிறது. எகிப்தின் மருத்துவச்சிகள் பார்வோனிடம் சொன்ன பொய்யை யாத்திராகமத்தின் தொடக்கத்தில் படித்தவர்க்கு இது புதிதன்று.

இனி நாம் தங்கிநிற்க விரும்பும் இடம். டிரிஸ்ட் ஒரு குழந்தையைக் கொன்றான் என்னும் செய்தி சாக்கின் செவிக்கு எட்டுகிறது. அவர் அதை நம்பிவிடுகிறார். பள்ளி வென்றது, என் மாணவன் அவர்களுள் ஒருவனாகிவிட்டான் என முடிவுசெய்து, அவனைக் கொல்லத் துணிந்து வாளெடுக்கிறார். தான் நேசித்த ஒரே உயிரை அழிக்கத் துணியும் அவர், அதற்குமுன் அவனை அழைத்து, 'என்ன நடந்தது?' என்று ஒரு சொல் கேட்கவில்லை. வாள்கள் மோதிக்கொண்டிருக்கும்போதே உண்மை வெளிப்படுகிறது. இருவரும் படைக்கலம் தாழ்த்துகின்றனர். ஆனால் காலம் கடந்துவிட்டது.

சிலந்தி அரசியின் தயவு குடும்பத்தைவிட்டு விலகியதன் காரணம் அக்குழந்தைக்குக் காட்டிய இரக்கமே எனத் தாய் மாலிஸ் கண்டறிகிறாள். பலி வேண்டும், பலியாள் டிரிஸ்ட். சாக் தம்மையே அவனுக்கு ஈடாக அளிக்கிறார். மாலிஸ் ஏற்கிறாள். பலிபீடத்தில் அவர் உயிர் பிரிகிறது. செய்தியறிந்த மகன் தன் குடும்பத்தாரை விட்டு நிலவறைக் காட்டுக்குள் ஓடிப்போகிறான்.

ஒருவன் மற்றொருவனுக்காக மரிக்கிறான். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்திற்கு ஏற்ற எடுத்துக்காட்டு கிடைத்தது என நம் ஆயர்கள் சிலர் குறிப்பேட்டைத் திறக்கலாம். சற்றுப் பொறுக்கவேண்டுகிறோம். அந்தப் பலிபீடத்தில் நிகழ்ந்தவை இரண்டு. சாக் தம் உயிரைத் தாமே கொடுத்தார், அது அன்பு. மாலிஸ் சினங்கொண்ட தெய்வத்திற்கு இரத்தத்தைக் காட்டித் தயவை விலைக்கு வாங்கினாள்; அது கொலை. இடமும் நாளும் கத்தியும் ஒன்றே. கோபமுற்ற பிதா, இரத்தம் கண்டு தணிந்தார் என்று மட்டும் நாம் பேசி இறங்கிவிட்டால், கேட்பவர் நம் பீடத்தையும் மாலிஸின் பீடத்தையும் எவ்வாறு வேறுபிரித்தறிவர்? பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஈடுசெய்தலைப்பற்றி எழுதிய ஆன்செல்ம்கூட இரத்தவேட்கை கொண்ட ஒரு தெய்வத்தை எண்ணி எழுதவில்லை; கெட்ட ஒழுங்கு மீள்வதையே எண்ணினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ ஒப்புரவாக்குபவர் கடவுளே. தணிக்கப்படவேண்டியவராக அங்கு அவர் நிற்கவில்லை. இப்புதினம் இறையியல் நூலன்று. ஆயினும் நம் பிரசங்கங்களைத் தட்டிப்பார்க்க உதவும் ஓர் உரைகல்லாக இப்பகுதியைக் கொள்ளலாம்.

நூலின் பெருங்குறையையும் சொல்லவேண்டும். டிரிஸ்டுக்கு மனச்சான்று எங்கிருந்து வந்தது? அந்நகரில் வேறு நெறியைக் கற்பிப்பார் இல்லை. ஆசிரியர் தரும் விடை அவனுடைய ஊதாக் கண்களும் தந்தையின் குருதியும்தாம் எனத் தோன்றுகிறது. இது எளிதான விடை, பிழையான விடையுங்கூட. வியர்னாவும் சாக்கின் மகளே என்று இக்கதைத்தொடரே கூறுகிறது. அவளிடம் ஆங்காங்கே சிறு மென்மை தலைகாட்டினும், அவள் சிலந்தி அரசியின் பூசாரியாகவே நிலைத்துவிட்டாள். குருதிதான் காரணமெனில் அவள் ஏன் அவ்வாறானாள்? நியாயப்பிரமாணமில்லாத புறவினத்தார் உள்ளத்திலும் அதன் செயல் எழுதப்பட்டிருப்பதாக ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் உரைப்பது மாந்தர் அனைவரையும் பற்றியது. அரிய கண்ணுடையோரைப் பற்றியதன்று. அந்நகரத்தார் எவர் உள்ளத்திலும் அது எழுதப்பட்டிருக்குமெனில், அவ்வெழுத்தை அழிப்பது எது, துலக்குவது எது என்று கேட்டிருந்தால் நூல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். விடை அவர் கையிலேயே இருந்தது: தோற்றவனைக் கொல்லாத அந்தப் பயிற்சிக்கூடம்.

இக்குறையோடு பிணைந்த மற்றொன்று நிறம். ஓரினம் முழுவதும் கருமேனியர், அவர்கள் பிறவிக்கொடியர், அவர்களுள் ஒரேயொருவன் நல்லவன். இவ்வமைப்பை சால்வதோர் விளையாட்டிலிருந்து பெற்றார். எனினும் அதை ஏற்றுக் கதை செய்தார். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா சபித்தது கானானை. நிறத்தைப்பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. அவ்வாறிருந்தும் 'காமின் சாபம்' என்று பெயரிட்டு ஆப்பிரிக்கரை அடிமைகொள்ள அதைச் சான்றுகாட்டிய கிறிஸ்தவர் பலர் இருந்தனர். எனவே அமெரிக்காவில் எழுதப்பட்ட இக்கதையில் நிறம் வெறும் ஒப்பனையாகாது. அவ்விளையாட்டை இப்போது நடத்தும் நிறுவனம் 2020 இல் இச்சித்திரிப்புக் குறையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. சால்வதோரும் 2021 இல் எழுதிய புதினத்தில், லோல்தை வணங்காத கருநிற எல்ஃப் மக்களின் நகரொன்றைப் படைத்தார். முப்பதாண்டு கழிந்து வந்த திருத்தம், வந்தவரையில் நன்று. அதிகாரமுள்ள பெண்களை ஏறத்தாழ ஒருவர் மிச்சமின்றிக் கொடியவராக்கியதைப்பற்றியும் எழுத இடமுண்டு; அதனைப் பெண் இறையியலார் நம்மினும் தெளிவாக எழுதுவர் என்பதால் விடுக்கிறோம்.

இந்நூல் நம் கைக்கு வந்த வரலாற்றையும் மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் விடுதியில் மாணவர் ஒருவர் இதைப் படிப்பதாகவும், அவர் பேய்க்கதைகளில் மூழ்கியிருப்பதாகவும் ஒருவர் நம்மிடம் வந்து கூறினார். அம்மாணவரை அழைத்தோம். அட்டையில் வாளேந்திய உருவத்தைக் கண்டோம். குருத்துவத்திற்கு ஆயத்தமாகும் ஒருவர் நேரத்தைக் கழிக்கும் முறை இதுவோ என்று கடிந்து, நூலை வாங்கி அலமாரியில் வைத்தோம். அதில் என்ன கண்டீர் என்று நாம் அவரைக் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார். படிப்பை முடித்து அவர் சென்ற பின்னர், ஒரு மழைக்கால விடுமுறையில் அலமாரியைத் துடைக்கும்போதுதான் நாம் அதை எடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.

நூலுள் ஒரு பழைய பேருந்துச் சீட்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அது உயர்பள்ளியைப் பற்றிய மூன்றாம் பகுதியில் இருந்தது. கானகத்து இரவை எட்ட அவருக்கு இன்னும் பல பக்கங்கள் இருந்தன. நூலைத் திருப்பி அனுப்ப அவருடைய இப்போதைய சேகர முகவரியை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்.